கொசு அடித்த இடம்

ஆரம்பத்தில் ஒரு தடவை கை தட்டியிருக்க வேண்டும்.
தட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை:
படத்தில் உள்ளங்கைகள் சேரும் இடம்,
ஒலியில் ஊசியாய் எழும் கோடு,
ஒன்றின் கீழ் ஒன்றை வைத்தால் முடிந்தது.
நவநீதன் மறந்துவிட்டான்.
நானும்தான்.

யீஷூன், பதினோராம் மாடி, இரவு எட்டேகால்.
ஏர்கானை அணைத்தோம், மைக்கில் இரையும்.
மின்விசிறியை அணைத்தோம்.
ரயில் போகும் என்று ஜன்னலைச் சாத்தினோம்.
கஞ்சிராத் தோலுக்கு அவன் தண்ணீர் தொட்டு வைத்தான்,
அவனுக்குத் தேவைப்படவில்லை, தானே ஒழுகினான்.
முழங்காலருகே இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி.
படம் என் ஃபோனில், ஃபோன் என் கையில்.
முக்காலி வாங்கலாம் வாங்கலாம் என்றே
மூன்று சம்பளம் போயிற்று.

இப்போது மணி ஒன்று.
எனக்கு நாளை மதிய வண்டி,
அவனுக்குத்தான் காலை வேலை.
பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னவன்
உட்கார்ந்தபடியே சாய்ந்து தூங்கிவிட்டான்.

எதைப் பிடித்து இரண்டையும் சேர்ப்பது?
மேல்வீட்டுக் கோலிக்குண்டு ஒலியில் உருள்கிறது
(எல்லா புளோக்கிலும் உருளும்,
கேட்டுப் பார்த்தால் எவரிடமும் கோலி இருக்காது).
அதற்குப் படம் கிடையாது.
ஃபோனின் மைக்கை என் சுண்டுவிரல் பாதி மூடியிருக்கிறது.
கஞ்சிரா அதில், எதிர் புளோக்கில் யாரோ
மெத்தை தட்டுவதுபோல் கேட்கிறது.
ஒவ்வோர் அடியும் அடுத்த அடியைப் போலவே இருக்க
எந்தக் கைக்கு எந்தச் சத்தம்?

இரண்டாம் நிமிடம், பதினாறாம் நொடியில் கிடைத்தது.
இரண்டு சொல்லுக்கு நடுவே, தாளம் தவறாமல்,
வலக்கை கீழே போய்க் கெண்டைக்காலில் அறைந்து
திரும்பி வந்து தோலைத் தொடுகிறது.
முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.
ஒலியில் தேடினேன்:
சலங்கை ஒட்டாத, சதை மட்டும் பேசிய
தடித்த ஒரு கோடு.
இழுத்து அதன்மேல் வைத்தேன்.
ஒரு கொசு செத்துப் பாட்டைத் தூக்கி நிறுத்தியது.

சந்தோஷப்பட்டுக் கடைசிவரை ஓட்டினால்
தீர்மானத்தில் வாய்க்கும் கைக்கும் சண்டை.
விரல் விழுகிறது, நாதம் பிறகு வருகிறது,
மூன்று ஃபிரேம் பிந்தி.
இது எனக்குத் தெரிந்த நோய்.
முனையத்தில் நொடி பிசகாமல் எடுத்த பேருந்து
கடைசி நிறுத்தத்தில் நாலு நிமிடம் தள்ளி நிற்கும்.
எந்த இடத்தில் தள்ளியது என்று
அறிக்கையில் எழுதச் சொல்வார்கள்.
எந்த இடத்திலும் இல்லை, ஐயா.
எல்லா இடத்திலும் கொஞ்சம்.
ஃபோனின் நொடி வேறு, கருவியின் நொடி வேறு,
இரண்டும் தன்னுடையதே சரி என்று நம்புகின்றன.
ஒலியை நூறிலிருந்து
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது எட்டாகச் சுருக்கினேன்.
யாருக்கும் தெரியாத அளவு அவசரப்படுத்தினேன்.
பொருந்தியது.

இனி ஃபோன் பிடித்த ஒலியை ஊமையாக்க வேண்டும்.
அழுத்துமுன் ஒருமுறை கேட்டேன்.
மெத்தை தட்டுவதற்கு முன்னால், மிக அருகில்,
ஒருத்தி மூச்சுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
ஏழில் திரும்ப வேண்டிய தாளம்,
அவள் எட்டுக்குப் போய்ப் பதறித் திரும்புகிறாள்.
ஒன்பதாம் நிமிடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு
"அட, பாவி" என்கிறாள்.
அப்படி ஒரு குரலில்
அவனிடம் நான் பேசி நாளாயிற்று.

ஊமையாக்கினேன்.
தெளிவாய், வறண்டு, அவன் மட்டும் வாசித்தான்.

ஆனாலும் படம் சும்மா இல்லை.
சுவரும், காலண்டரும், அவன் தலையும்
மெல்ல ஏறி மெல்ல இறங்குகின்றன,
என் மார்பு ஏறி இறங்கிய கணக்கில்.
நடுக்கத்தை நீக்கவா என்று கேட்டது கணினி.
வேண்டாம் என்று அழுத்திவிட்டு
விளக்கை அணைக்கப் போனேன்.

அவன் கெண்டைக்காலில், பைஜாமா ஏறிய இடத்தில்,
இன்னும் தடித்துத்தான் இருந்தது.
கடித்த பிறகுதான் அடித்திருக்கிறான்.